கேட்கீப்பர் அப்பளம்

நெட்டூரணியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட முதல் நாள் காலையில், ரயில்வே கேட்டில் முப்பத்தொரு வருசம் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்ற சொரிமுத்துவின் தலையில் கிடந்த ஈரத் துண்டு, அவர் ஒரு டம்ளர் காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துபோனது. அவர் மனைவி ஆவுடைத்தங்கம் அதைப் பார்த்தாள், நெற்றியைத் தொட்டாள், வெடுக்கென்று கையை எடுத்தாள், உள்ளே போய் இரண்டு நாளாகக் காயாமல் நாறிக்கொண்டிருந்த தன் சேலையைக் கொண்டுவந்து அவர் தலைக்கு மேலே கொடி கட்டிப் போட்டாள். அவ்வளவுதான். ஏன் இப்படி என்று அவளும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. அடைமழையில் துணி காய்ந்தால் நெட்டூரணியில் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், அடுத்த துணியைக் கொண்டுவருவார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகாமல் இல்லை. கக்கத்தில் வைத்தால் தெர்மாமீட்டர் ஒழுங்காகத் தொண்ணூற்றெட்டு காட்டியது, நெற்றியில் வைத்தால் டப்பென்று வெடித்தது. மூன்று தெர்மாமீட்டர் வெடித்த பிறகு நர்சம்மா, "காய்ச்சல் இல்ல, போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நனைந்து ஏறியவர்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றார்கள், இறங்கும்போது காய்ந்து இறங்கினார்கள், கண்டக்டர் அவருக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. முதலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நனைந்த நோட்டைக் கொண்டுவந்தார்கள், பிறகு ஒருத்தி குளிரில் விறைத்த கோழிக்குஞ்சுகளைக் கூடையோடு கொண்டுவந்தாள், பிறகு ஒரு கல்யாண மாப்பிள்ளை நனைந்த பட்டு வேட்டியோடு ஓடி வந்தான், ஐந்தாம் நாள் இசக்கித்தாய் வந்தாள். அதற்குப் பிறகுதான் ஊர் மாறியது.

இசக்கித்தாய் யார் என்றால், நெட்டூரணியில் நாற்பது வீட்டுப் பெண்கள் சேர்ந்து போடுகிற அப்பளத்துக்கு அவள்தான் தலைவி, வாய் பெரியது, கை அதைவிடப் பெரியது. உளுந்து மாவைப் பிரண்டைச் சாறு விட்டு உரலில் இடித்து, உருண்டை பிடித்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிசாக உருட்டுவதில் அந்த ஊரை அடிக்க ஆள் இல்லை. ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் வந்தால் வெயில் இல்லாமல் நாற்பது வீட்டு உலக்கையும் மூலையில் சாய்ந்துவிடும், கல்யாணங்கள் எல்லாம் வேறு ஊர் அப்பளத்தைத் தின்றுகொண்டிருக்கும். அவள் வந்தாள், சொரிமுத்துவின் தலைக்குப் பக்கத்தில் ஒரு ஈர அப்பளத்தைப் பிடித்தாள், நூறு எண்ணினாள், ஒடித்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, சும்மாத்தான இருக்கீரு? வேலைக்கு வாரீரா?"

"டூட்டியில இருக்கேன்" என்றார் சொரிமுத்து.

"இருந்துக்கிடும். இருக்கிற இடத்தை மட்டும் மாத்திக்கிடும்."

அப்படித்தான் அவர் அப்பளக் கூடத்துக்குப் போனார். தண்டவாளத்தை ஒட்டின பெரிய ஓட்டுக் கூடம் அது, நடுவில் அவருக்கு ஒரு நாற்காலி, சுற்றி எட்டுத் திசைக்கும் எட்டுப் பாய். அவர் வடக்கே தண்டவாளத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார், அந்தத் திசையை விட்டு ஒரு விரற்கடை திரும்பவில்லை. அவருடைய பழைய கேட்டை எட்டு வருசத்துக்கு முன்னாலேயே மூடி, கீழே சுரங்கப்பாதை வெட்டி, அதில் மழைத்தண்ணீரும் தவளையும் நின்றுகொண்டிருந்தாலும், ரயில் வந்தால் எழுந்து பச்சைக் கொடியைப் பிடித்தார், டிரைவர்களும் அவரைப் பார்த்து ஒரு ஊதல் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெண்கள் பாயில் அப்பளம் பரப்பினார்கள், அவர் காய்ச்சினார். எட்டுப் பாயிலும் ஒன்றுபோலக் காய்ந்தது. அந்த வருசம் ஐப்பசிக் கல்யாணங்களில் பொரிந்தது எல்லாம் நெட்டூரணி அப்பளம்தான். பாக்கெட்டில் 'கேட்கீப்பர் அப்பளம்' என்று பெயர் அடித்து, கொடி பிடித்த சொரிமுத்துவின் படத்தைப் போட்டு, அச்சாபீஸ்காரன் சும்மா இருக்காமல் தலையைச் சுற்றிச் சாமிக்குப் போடுகிற ஒளிவட்டமும் போட்டான். பக்கத்து ஊரான பாறைப்பட்டியில் பொறாமை தாங்காமல் எங்கள் ஊரிலும் ஒருத்தருக்குத் தலை சுடுகிறது என்று கிளப்பிவிட்டார்கள். போய்ப் பார்த்தால் சாதாரணக் காய்ச்சல். நெட்டூரணி ஒரு வாரம் சிரித்தது.

இதற்கு நடுவில் சொரிமுத்து மறக்க ஆரம்பித்தார். ஐப்பசி இருபத்தைந்தாம் தேதி, அவருடைய பாதையில் இருக்கிற ஏழு ஸ்டேசன் பெயரும் அவரை விட்டுப் போய்விட்டன. கார்த்திகை ஒன்பதாம் தேதி காலையில் காப்பி கொண்டுவந்த ஆவுடைத்தங்கத்தைப் பார்த்து, "ஒங்க பேரு என்னம்மா?" என்று மரியாதையாகக் கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். "நல்ல பேரு" என்றார். அவள் அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் வெறும் சட்டியைத் தேய்த்தாள், பிறகு உலக்கையைப் பிடிக்கப் போனாள்.

இவர்களுக்கு ஒரே மகள். பெயர் செண்பகவடிவு, கூப்பிடுவது வடிவு, வயது நாற்பத்தொன்று, சென்னையில் மூளையை ஆராய்கிற வேலை. அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கார்த்திகை பதினொன்றாம் தேதி கூட வேலை பார்க்கிற ஒருத்தியின் தங்கை கல்யாணத்துக்குப் போய், பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த அப்பளத்தை ஒடித்து வாயில் போட்டதுமே அவளுக்கு ஊர் மணந்தது. எழுந்து சமையல்கட்டுக்குப் போனாள். அங்கே அடுக்கியிருந்த நூறு பாக்கெட்டிலிருந்தும் அவள் அப்பா ஒளிவட்டத்தோடு அவளைப் பார்த்தார்.

கை கழுவுகிற இடத்தில் நின்று அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"ஏம்மா சொல்லல?"

"ஒங்கிட்ட சொன்னா நீ கிடந்து பதறுவ. அவருக்கு ஒண்ணும் இல்லட்டி. நல்லாத்தான் கொதிக்காரு."

வடிவு மறுநாள் ரயிலைப் பிடித்தாள். அவள் ஏன் அப்படிப் பதறினாள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, அதனால் சீக்கிரமாகச் சொல்லிவிடலாம். மனுச மூளைக்குள்ளே காவல்கார செல்கள் இருக்கின்றன. வெளியே இருந்து கிருமி வந்தால் விரட்டும், உள்ளே குப்பை சேர்ந்தால் தின்னும், காரியம் முடிந்தால் சும்மா இருக்கும். ஞாபகம் அழிகிற நோய் வந்தவர்களுக்கு அவை சும்மா இருப்பதில்லை, கண்டதையெல்லாம் திருடன் என்று நினைத்து அடித்து, நல்ல நரம்பையும் தின்று, மூளையை உள்ளுக்குள்ளேயே கனல வைக்கின்றன. பெரிய ஆட்கள் என்ன சொன்னார்கள் என்றால், முதலில் ஞாபகம் சாம்பலாகிறது, அந்தச் சாம்பலைப் பார்த்துத்தான் காவலர்கள் கொதிக்கிறார்கள் என்றார்கள். வடிவு பதினோரு வருசமாக, இல்லை, தீதான் முதலில், சாம்பல் பிறகு என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னால் போதுமா, நிரூபிக்க வேண்டும். அவள் கட்டுரை மூன்று தடவை திரும்பி வந்தது. எலிகளின் தலையில் அந்தக் காவலர்களைக் கொன்று பார்த்தாள், எலிகள் ஒரு சின்னக் கிருமிக்கே தாங்காமல் செத்தன. மருந்து கொடுத்துத் தூங்க வைத்துப் பார்த்தாள், முழித்ததும் இரண்டு மடங்கு கொதித்தன. நானூறு எலி. அவளுடைய தலைவர், "வடிவு, வேற ஏதாவது பாருங்களேன்" என்று மெதுவாகச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

கூடத்துக்குள் நுழைந்து அப்பாவின் நெற்றியில் கையை வைத்தாள். சோற்றுப் பானையில் வைத்த மாதிரி இருந்தது.

"வடிவு! லீவாம்மா?" என்றார் அவர். அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் கோபமும் வந்தது.

"மனுசன் தலையில அடுப்பு எரியுது, நீங்க அப்பளம் காயப்போடுதீங்களா? அறிவு இருக்கா யாருக்காவது?"

இசக்கித்தாய் உருட்டுகிற கையை நிறுத்தவே இல்லை. "வந்தாச்சு மெட்ராஸ் டாக்டரு. ஏட்டி, நாங்க அடுப்புப் பத்த வைக்கல. எரியுது, காயப்போட்டோம். ஒங்கப்பா எட்டு வருசம் வீட்டுல கிடந்தாரே, ஒரு பய ஏன்னு கேட்டானா? இப்ப பாரு, கல்யாணம் கல்யாணமா அவரு மூஞ்சி போகுது. நீதான் பெரிய படிப்பு படிச்சிருக்க, பத்திச்சின்னா அணைச்சுக் காட்டு."

அணைத்துக் காட்டு என்று சொன்னதில் ஊரே சேர்ந்துகொண்டது. நெட்டூரணி கல்நெஞ்சுக்கார ஊர் இல்லை, சொரிமுத்துக்கு நல்லது நடந்தால் அப்பளம் போனாலும் போகட்டும் என்றுதான் இருந்தது. மீன் லாரியிலிருந்து ஐஸ்கட்டி இறக்கினார்கள், தலையில் வைத்ததும் கொதிநீராகி ஓடியது. வெந்தயம் அரைத்துப் பூசினார்கள், வறுபட்ட வாசனை வந்தது. மஞ்சளைக் குழைத்து அப்பினார்கள், அது ஓடு மாதிரி வெடித்து விழுந்தது. நல்லெண்ணெய் வைக்க வந்தவனை மட்டும் வடிவு தடுத்தாள், எண்ணெய் காய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். குளிர வைக்க வைக்க அவர் இன்னும் கொதித்தார். அவள் எலிகளும் இப்படித்தான் செய்தன. ஆய்வுக்கூடத்தில் இருக்கிற மருந்தைக் கொண்டுவரலாமே என்று அம்மா கேட்டாள். எலிக்கே சரிவராததை அப்பாவுக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள் வடிவு.

வடிவு வந்து பத்தாவது நாள் அவள் ஒரு பாயின் ஓரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, இசக்கித்தாய் ஓரம் தூக்கின ஒரு அப்பளத்தை எடுத்துத் தகர டின்னுக்குள் எறிந்து, "இந்த நெத்திப் பக்கம் பத்துப் பன்னெண்டு நாளா வெயிலு ரொம்பக் கூட" என்று முனகினாள்.

"என்ன சொன்னீங்க அத்தை?"

"வெயிலு ஒரு பக்கமா அடிச்சா அந்தப் பக்கத்து ஓரம் தூக்கிக்கிடும். இது தெரியாதா? முதல்ல எல்லாப் பக்கமும் சமமாத்தான் காஞ்சாரு. பெறகு இடது காதுப் பக்கம் கூடிச்சு. பெறகு பிடரி. இப்ப வலது நெத்தி."

"எப்ப கூடிச்சு? என்னிக்கு?"

"டின்னப் பாரு."

அந்தப் பெண்களுக்கு ஒரு வழக்கம். கோணின அப்பளத்தை விற்க மாட்டார்கள், எறியவும் மாட்டார்கள், தை முதல் தேதி பங்கு வைப்பார்கள். பங்கில் சண்டை வராமல் இருக்க, எந்தப் பாயில் கோணியதோ அந்தப் பாயின் டின்னில் போட்டு, ஒவ்வொரு நாள் அடுக்குக்கும் மேலே அன்றைக்குக் கிழித்த நாள்காட்டித் தாளை வைத்து மூடுவார்கள். எட்டுத் திசைக்கும் எட்டு டின். அவரோ திரும்பாமல் வடக்கைப் பார்த்தே உட்கார்ந்த மனுசன். வடிவு எட்டு டின்னையும் தரையில் கவிழ்த்தாள். பெண்கள் ஐயோ ஐயோ என்று கத்தினார்கள், அவள் காதில் விழவில்லை. இடது காதுப் பக்கத்து டின்னில் ஐப்பசி எட்டாம் தேதித் தாளுக்குக் கீழேதான் முதல் கோணல். ஏழு ஸ்டேசன் பெயரும் போனது இருபத்தைந்தாம் தேதி. பிடரிப் பக்கத்து டின்னில் முதல் கோணல் ஐப்பசி இருபத்திரண்டு. அம்மா பெயர் போனது கார்த்திகை ஒன்பது. இரண்டு தடவையும் தீ முதலில், பதினேழு நாள் கழித்துச் சாம்பல்.

பதினோரு வருசமாக எந்த மிசினும் அவளுக்குக் காட்டாததை அப்பளம் காட்டிவிட்டது. அவள் எழுந்து நின்று கையைத் தட்டினாள், சிரித்தாள், "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்றாள். நாற்பது பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகுதான் அது யாருடைய தலை என்பது அவளுக்கு உறைத்தது, உட்கார்ந்துவிட்டாள். சந்தோசப்பட்டது பொய் இல்லை. வெட்கப்பட்டதும் பொய் இல்லை.

வலது நெற்றிப் பக்கத்து டின்னில் முதல் கோணல் கார்த்திகை பத்து. பதினேழைக் கூட்டினால் இருபத்தேழு. ஸ்டேசன் போயாயிற்று, மனைவி பெயர் போயாயிற்று, அடுத்தது எது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இரண்டு தடவை என்பது ஆராய்ச்சிக்குப் போதாது. மகளுக்குப் போதும்.

"இனிமே அவரு வேலை பாக்க வேண்டாம்" என்றாள் இசக்கித்தாய். அன்றைக்கே பாய்களைச் சுருட்டினார்கள், மாவை மூடினார்கள், நாற்காலியை எடுத்து உள்ளறையில் கட்டிலைப் போட்டு, "படும் அண்ணாச்சி, ரெஸ்ட் எடும்" என்று சொல்லி, தண்டவாளம் தெரியாமல் ஜன்னலையும் சாத்தினார்கள். பாசத்தில் செய்தது, ஆனால் படுமோசமான தப்பு. கேட்கீப்பரைக் கேட்டை விட்டு இழுத்துக்கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தால் அவர் தூங்குவாரா? அரை மணி நேரத்தில் தலையணை புகைந்தது. வெளியே ரயில் ஊதின சத்தம் கேட்டதும் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார், வழியில் நின்ற துளசிச் செடி வாடிக் கருகிவிட்டது.

கொடியைப் பிடித்து ரயிலை அனுப்பிவிட்டு மூச்சு வாங்க நின்றவரிடம், வடிவு நேராகவே கேட்டாள். இத்தனை நாள் எல்லோரும் அவருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்தார்களே தவிர, அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எதுக்குப்பா இன்னும் முழிச்சிருக்க?"

"ரிலீவர் வரலையே" என்றார், இதைக்கூடவா கேட்பாய் என்கிற மாதிரி. "அடுத்த ஆளு வந்து டைரியில கையெழுத்துப் போட்டாத்தான் நான் போகலாம். வண்டி போயிட்டா வேலை முடிஞ்சதுன்னு அர்த்தமா? எடுத்துக்கிட ஆளு வரணும்."

ஆவுடைத்தங்கம் பெட்டியைத் திறந்து கேட் டைரியைக் கொண்டுவந்தாள். கடைசிப் பக்கம். எட்டு வருசத்துக்கு முன்னால் கேட்டை மூடின அன்றைக்கு அதிகாரிகள் வந்து மாலை போட்டார்கள், பேசினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார்கள். கேட்டே இல்லை, யார் வந்து எடுத்துக்கொள்வது? 'டூட்டி ஒப்படைத்தவர்' என்ற இடத்தில் சொரிமுத்து என்று கையெழுத்து இருந்தது. 'ஏற்றுக்கொண்டவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது.

வடிவு அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானூறு எலி அவள் கண்ணுக்கு முன்னால் வரிசையாகப் போயின. அவள் காவலர்களைக் கொன்றிருக்கிறாள், மயக்கியிருக்கிறாள், கட்டிப்போட்டிருக்கிறாள். திருடன் போய்விட்டான் என்பதால் காவல்காரன் போக மாட்டான், மாற்று ஆள் வந்தால்தான் போவான் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை. மாற்று ஆளை அனுப்புகிற சேதி ஒன்று உடம்புக்குள் இருந்தாக வேண்டும், அதை அவள் தேடவே இல்லை.

ரிலீவர்தானே, நானே ஆகிறேன் என்று டீக்கடை ரத்தினபாண்டி எங்கிருந்தோ ஒரு காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து சல்யூட் அடித்தான். சொரிமுத்து அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"கண் டெஸ்ட் சர்டிபிகேட் எங்க வே?"

"வீட்டுல இருக்கு."

"ஒமக்குக் கலரு தெரியாது. ஒம்ம டீயப் பாத்தாலே தெரியுது. எறங்கும் கேட்ட விட்டு!"

ஊர் சிரித்தது, ரத்தினபாண்டியும் சிரித்தான், ஆனால் பொய் ரிலீவர் செல்லாது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது. அன்றைக்குத் தேதி கார்த்திகை இருபத்துமூன்று.

மறுநாள் காலையில் வடிவு குளித்து, வேசம் எதுவும் போடாமல், எப்போதும் ஆய்வுக்கூடத்துக்குக் கட்டுகிற பருத்திச் சேலையைக் கட்டிக்கொண்டு, மறுபடி வடக்கைப் பார்த்துப் போட்டிருந்த அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் டைரியோடு போய் நின்றாள். நாற்பது பெண்களும் சுவரோரம் நின்றார்கள்.

"டூட்டி எடுத்துக்க வந்திருக்கேன்" என்றாள்.

"நீ ரயில்வேயா?"

"இல்ல. தண்டவாளத்துக் கேட்ட மூடிட்டாங்கப்பா. இப்ப ஒன் தலைக்குள்ள இருக்கிற கேட்டத்தான் நீ காத்துக்கிட்டிருக்க. அந்தக் கேட்டுலதான் எனக்குப் பதினோரு வருச சர்வீஸ்."

அவர் யோசித்தார். சூடு அவள் முகத்தில் அடித்தது, அவள் பின்வாங்கவில்லை.

"வண்டி வருது, ஆடு உள்ள நிக்கி. என்ன செய்வ?"

"முதல்ல செவப்புக் கொடி. பெறகுதான் ஆடு."

"முப்பத்தொரு வருசத்துல ஒரு ஆடு சாகல எங்கிட்ட. ஒன் சர்வீஸ்ல?"

யாராக இருந்தாலும் இங்கே பொய் சொல்லியிருப்பார்கள். வடிவு சொல்லவில்லை. "நானூறு எலி செத்துருக்கு."

பெண்கள் பக்கம் ஒருத்தி 'ஐயோ, போச்சு' என்றாள். சொரிமுத்து அசையவில்லை.

"எழுதி வச்சிருக்கியா?"

"ஒண்ணு விடாம. நோட்டுல இருக்கு."

"தப்ப எழுதுறவகிட்டத்தான் கேட்டக் கொடுக்கணும்" என்றார் சொரிமுத்து, டைரியை வாங்கி மடியில் விரித்தார். "சாமான் சொல்லுதேன், சரிபாத்து வாங்கிக்கோ. பச்சைக் கொடி ஒண்ணு."

"இருக்கு."

"செவப்புக் கொடி ரெண்டு, விளக்கு ஒண்ணு, விசில் ஒண்ணு. இது எல்லாம் ஆபீசர் எடுத்துட்டுப் போயாச்சு."

"சரி."

"ஸ்டேசன் பேரு ஏழு." நிறுத்தினார். "கையில இல்ல. என் டூட்டியில காணாமப் போச்சு. குறைன்னு எழுதிக்கோ."

அவள் எழுதினாள்.

"வீட்டுக்காரி பேரு ஒண்ணு. தங்கமான பேரு. அதுவும் காணோம். குறைன்னு எழுதிக்கோ."

ஆவுடைத்தங்கம் கையில் உருட்டுக்கட்டையோடு சுவரில் சாய்ந்து நின்றாள். அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், ஆமாம், கணக்கு சரிதான் என்பது போல.

"மக பேரு ஒண்ணு" என்றார். "இருக்கு. கொதிக்குது. சீக்கிரம் வாங்கிக்கோ."

வடிவு எட்டு வருசமாக வெறுமையாகக் கிடந்த இடத்தில், 'குறைகளோடு ஏற்றுக்கொண்டேன்' என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டாள். அவர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். பச்சைக் கொடியைச் சுருட்டி அவள் கையில் கொடுத்தார். "அப்ப நான் தூங்கலாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் சுருட்டிக் கிடந்த கிழக்குப் பாயை விரித்து, மாவு மூட்டையைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். பத்து மணி பாசஞ்சர் போனது, அவர் எழவில்லை. மத்தியான எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே போனது, எழவில்லை. வடிவுதான் வாசலில் நின்று கொடி பிடித்தாள், டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலம் இசக்கித்தாய் அவர் தலைமாட்டில் ஒரு ஈர அப்பளத்தை வைத்துப் பார்த்தாள். நூறு எண்ணினாள், இருநூறு எண்ணினாள், நானூறு எண்ணினாள். மறுநாள் அந்த அப்பளம் அரைகுறையாகத்தான் காய்ந்தது. அதற்கு மறுநாள் ஈரமாகவே கிடந்தது. இசக்கித்தாய் அழுதாள் என்று நினைத்தால் தப்பு. "போச்சு, கார்த்திகை யாவாரம் போச்சு" என்று வாய் நிறையத் திட்டிக்கொண்டே போய், தன் வீட்டுக் கம்பளியை எடுத்துவந்து அவருக்குப் போர்த்திவிட்டாள். இனி அவருக்குக் குளிரும் என்று அவள்தான் முதலில் யோசித்தாள்.

கார்த்திகை இருபத்தேழாம் தேதி காலையில் ஊரே கூடத்தில் நின்றது. பாறைப்பட்டியிலிருந்துகூட இரண்டு பேர் வந்திருந்தார்கள். சொரிமுத்து கண் விழித்தார், எழுந்து உட்கார்ந்தார், சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தார், மகளை ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன எல்லாரும் எழவு வீட்டுல நிக்காப்ல நிக்கிய? வடிவு, இவங்கள வேலையப் பாக்கப் போகச் சொல்லு."

ரத்தினபாண்டி அன்றைக்கு ஊருக்கெல்லாம் டீ கொடுத்தான். குடிக்க முடியவில்லை, ஆனால் எல்லோரும் குடித்தார்கள்.

போனது போனதுதான். ஏழு ஸ்டேசனும் திரும்பி வரவில்லை, சாம்பல் மறுபடி விறகாகாது. தினமும் காலையில் அவர் ஆவுடைத்தங்கத்திடம் பெயரைக் கேட்கிறார், அவள் சொல்கிறாள், "நல்ல பேரு" என்கிறார். ஒரு நாளைக்கு ஒரு தடவை யார் பெயரை யார் இப்படிப் பாராட்டுகிறார்கள் என்று அவள் மற்ற பெண்களிடம் பீற்றிக்கொள்கிறாள். அடுத்த ஐப்பசியில் மழை வந்தபோது உலக்கைகள் பழையபடி மூலையில் சாய்ந்தன. ஆனாலும் பெண்கள் எட்டுப் பாயையும் விரித்து அவரைச் சுற்றி உட்கார்ந்துதான் இருந்தார்கள், ஒன்றும் காயவில்லை, பேச்சு மட்டும் நடந்தது. பாக்கெட்டில் இருந்து படத்தை எடுக்கச் சொன்ன மொத்த வியாபாரியை இசக்கித்தாய் வாசலோடு அனுப்பினாள்.

வடிவு கட்டுரையை எழுதினாள். எட்டு டின்னையும் ஆதாரமாகச் சேர்த்தாள். தலைவர் முதலில் சிரித்தார், நாள்காட்டித் தாள்களைப் பார்த்த பிறகு சிரிக்கவில்லை. வெளிநாட்டில் கட்டுரையைச் சோதித்த ஒருத்தர், அப்பளத்தின் கனம் எவ்வளவு, எல்லாம் ஒரே கனம் என்று எப்படி நம்புவது என்று கேட்டு எழுதினார். வடிவு அதை இசக்கித்தாயிடம் போனில் வாசித்தாள். "பிடிச்சுப் பாத்தா அந்தப் பக்கம் நிக்கிற ஆளு தெரியணும். ஒண்ணுல தெரியலன்னா என் பேர மாத்திக்கிடுதேன்னு எழுது" என்றாள் அவள். அப்படியே எழுதினாள். கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் இரண்டாவது பெயர் இசக்கித்தாய். பட்டம் என்று கேட்ட கட்டத்தில் எட்டாம் வகுப்பு என்று இருக்கிறது. அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்த பிறகுதான் அப்பளம் வாங்க முடியும்.

பிறகு வடிவு உடம்புக்குள் அந்த மாற்று ஆளை அனுப்புகிற சேதியைத் தேடினாள். லேசில் கிடைக்கவில்லை. இரண்டு வருசம் தேடினாள், தப்பையெல்லாம் எழுதினாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு அப்பாவுக்குப் போன் போட்டாள், அவர் "வண்டி எல்லாம் சரியாப் போச்சா?" என்று கேட்டார், அவள் போனதைச் சொன்னாள், அவர் கேட் மூடித் திறக்கும்போது ஸ்டேசனுக்குச் சொல்கிற மாதிரி சேதி சரியாக வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சியாக ரகசிய எண் ஒன்று சொன்னார், அவள் அதை ஆய்வு நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் குறித்துக்கொண்டாள்.

ஒரு நாள் சாயங்காலம் அவள் குரலே வேறாக இருந்தது. பன்னிரண்டு எலி, பன்னிரண்டின் தலையிலும் காவலர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள், யாரும் அவர்களைக் கொல்லவில்லை, கட்டவில்லை. இது எலிதான், மனுசனுக்கு வர இன்னும் எத்தனையோ வருசம் ஆகும், வராமலும் போகலாம் என்று தனக்கே சொல்லிக்கொண்டுதான் போனைப் போட்டாள்.

"வண்டி சரியாப் போச்சா?"

"போச்சுப்பா."

"ஆடு ஏதாவது?"

"ஒண்ணுகூட இல்லப்பா. பன்னெண்டும் உசுரோட இருக்கு."

"அப்ப எழுதிக்கோ. நாப்பத்தேழு" என்றார். அவருக்குப் போனைச் சரியாக வைக்கத் தெரியாது, எப்போதும் கட் பண்ணாமலே கீழே வைத்துவிடுவார். அதனால் கூடத்தில் மழைச் சத்தத்துக்கு நடுவே அவர் யாருக்கோ, அநேகமாக அப்பளம் வாங்க வந்த ஒருத்தருக்கு, உரக்கச் சொல்வது வடிவுக்கு நன்றாகக் கேட்டது.

"முப்பத்தொரு வருசத்துல எங்கிட்ட ஒரு ஆடு சாகல. இவ அதையும் தாண்டிருவா. வடிவுன்னு பேரு. என் ரிலீவரு."